வேட்டை ரைஃபிளின் எடையைத் தோட்டாவிலிருந்து முடிவு செய்வது

ரைஃபிளின் எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். மலை ஏறுகிறவர்கள் நூறு நூறு கிராமாகச் செதுக்கச் சொல்வார்கள். குறி தவறாமல் சுடுவதைப் பெரிதாக நினைப்பவர்கள் கனமான குழலை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த ரைஃபிள் எந்தத் தோட்டாவைச் சுடப் போகிறது என்ற கேள்வியை இரண்டு தரப்புமே கடைசியில்தான் எடுக்கிறது. அதை முதலில் எடுக்க வேண்டும். எடை எவ்வளவு குறையலாம் என்பதைத் தோட்டா முடிவு செய்கிறது. எவ்வளவு கூடலாம் என்பதை, நீங்கள் எப்படி நடக்கிறீர்கள், எங்கே காத்திருக்கிறீர்கள் என்பது முடிவு செய்கிறது. இரண்டு வரம்புக்கும் நடுவே இடமே இல்லாமல் போனால் மாற்ற வேண்டியது தோட்டாவை. ரைஃபிளைச் சுரண்டிச் சுரண்டி அந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது.

கணக்குக்குப் போகும் முன் எந்த எடையைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தயாரிப்பாளர் அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் வெறும் துப்பாக்கியின் எடை. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லை, அதைப் பிடிக்கும் வளையம் இல்லை, வார் இல்லை, தோட்டா இல்லை. 2.6 கிலோ என்று போட்டிருக்கும் ஒரு ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடியோடு 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண ஸ்கோப் 350 முதல் 400 கிராம் வரும். வளையங்களும் அடித்தட்டும் சேர்ந்து 120 கிராம். வார் 130 கிராம். .308 வின்செஸ்டர் தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், ஐந்து போட்டால் 120. ஆக, 2.6 கிலோ என்று வாங்கியது காட்டுக்குள் நுழையும்போது ஏறக்குறைய 3.4 கிலோ. 50 மில்லிமீட்டர் கண்ணாடியும் 30 மில்லிமீட்டர் உடலும் கொண்ட பெரிய ஸ்கோப்பைப் பூட்டினால் அதற்கு மேலும் கால் கிலோ ஏறும். இந்தக் கட்டுரையில் எடை என்று சொல்வதெல்லாம், வேறு மாதிரி என்று குறிப்பிடாத இடங்களில், இந்த முழு எடையைத்தான்.

இனி உதை. சுடும்போது குண்டும் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னே போகின்றன. அதற்கு ஈடான உந்தத்தோடு ரைஃபிள் பின்னே வருகிறது. குண்டின் எடையைக் கிலோவில் எடுத்து அதன் வேகத்தால் பெருக்குங்கள். மருந்தின் எடையையும் அப்படியே வாயுவின் வேகத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., அதிசக்தி ரைஃபிள்களுக்கு வாயுவின் வேகத்தைக் குண்டின் வேகத்தைப்போல் 1.75 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறது. கிடைத்த மொத்த உந்தத்தை வர்க்கப்படுத்தி, ரைஃபிள் எடையின் இரு மடங்கால் வகுத்தால் உதையின் ஆற்றல் ஜூலில் கிடைக்கும்.

.308-இல் 150 கிரெய்ன் குண்டு என்றால் 9.7 கிராம். வேகம் விநாடிக்கு 860 மீட்டர். மருந்து 45 கிரெய்ன், அதாவது 2.9 கிராம். உந்தம் சுமார் 12.7 வருகிறது. ரைஃபிள் 4 கிலோ என்றால் உதை 20 ஜூல். 3.5 கிலோ என்றால் 23. 3 கிலோவுக்கு 27. இரண்டரைக் கிலோவுக்கு இறக்கினால் 32-ஐத் தாண்டும். எடை பாதியானால் உதை இரட்டிப்பாகும். எனவே ஏற்கெனவே இலேசாக இருக்கும் துப்பாக்கியில் குறைக்கும் ஒவ்வொரு நூறு கிராமும், கனமான துப்பாக்கியில் குறைக்கும் நூறு கிராமைவிட அதிகமாக வலிக்கும்.

ஆற்றலோடு உதையின் வேகத்தையும் பார்க்க வேண்டும். 4 கிலோ ரைஃபிள் விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வருகிறது. இரண்டரைக் கிலோ ரைஃபிள் 5 மீட்டரைத் தொடுகிறது. மெதுவாகத் தள்ளும் உதையை உடல் தாங்கிக்கொள்ளும். வெடுக்கென்று அடிக்கும் உதைக்குக் கண் தானாக மூடும், விரல் இழுக்கும்.

20 ஜூலுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களால் ஒரே நாளில் இருபது முப்பது தோட்டாவைச் சுட்டுப் பழக முடியும். 27 ஜூலைத் தாண்டினால் நன்றாகச் சுடுபவர்களுக்கே பத்துக் குண்டுக்குப் பிறகு முகம் சுளிக்கத் தொடங்கும். இது சட்டம் அல்ல. உடல்வாகு, பின்கட்டையின் அமைப்பு, பழக்கம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் கீழ்வரம்பு போடுவதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

இப்போது மருந்து அதிகம் கொள்ளும் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு இதே கணக்கைப் போடுங்கள். 180 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 900 மீட்டர், 72 கிரெய்ன் மருந்து. உந்தம் 18-ஐ நெருங்குகிறது. 4 கிலோ ரைஃபிளிலேயே உதை 40 ஜூல். மூன்றரைக் கிலோ .308-இன் உதைக்கு இதைக் கொண்டுவர வேண்டுமானால் ரைஃபிள் ஏறத்தாழ 7 கிலோ இருக்க வேண்டும். அதை யார் தூக்குவார்கள்? மலைக்கென்றே செய்த மிக இலேசான மேக்னம் ரைஃபிளை வாங்கிவிட்டு, அதைச் சுடவே பயந்து வருடத்துக்கு ஐந்து தோட்டா மட்டும் சுடுபவர்கள் இருக்கிறார்கள். எடை குறைந்த அளவுக்குப் பழக்கமும் குறைந்துபோகிறது. காயப்பட்டு ஓடும் விலங்குகளில் பல இப்படி முகம் சுளித்துச் சுட்ட குண்டுகளின் விளைவுதான்.

மறுபக்கம் 6.5 கிரீட்மோர் தோட்டாவைப் பாருங்கள். 140 கிரெய்ன் குண்டு, 823 மீட்டர் வேகம், 42 கிரெய்ன் மருந்து. 3 கிலோ ரைஃபிளில் 21 முதல் 22 ஜூல்தான் உதைக்கும். .308-இல் இதே உதைக்கு 3.75 கிலோ ரைஃபிள் தேவை. தோட்டாவை மாற்றியதால் மட்டும் முக்கால் கிலோ மிச்சம். கார்பன் கட்டை, டைட்டானியம் பாகம் என்று பெரும் செலவு செய்தாலும் முக்கால் கிலோவைக் கழற்றுவது கடினம். நடுத்தர மான்களுக்கு 6.5 கிரீட்மோர், 7 எம்.எம்.–08, .308 மூன்றுமே வேட்டைக்காரர் நிதானமாகச் சுடும் தூரங்களில் போதும். 300 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு மேக்னம் கூடுதலாகக் கொடுப்பது மிகக் கொஞ்சம்.

உதையைக் குறைக்க, குழல் வாயில் பூட்டி வாயுவைத் திருப்பிவிடும் மஸில் பிரேக் போடலாமே என்று கேட்பார்கள். அது உதையை நன்றாகக் குறைக்கும். ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடும். காப்பு இல்லாத காதுக்கு 140 டெசிபெலே கேடு. பெரிய ரைஃபிள்கள் எல்லாம் பிரேக் இல்லாமலே அதைத் தாண்டுகின்றன. பிரேக்கோடு சுட்டால் பக்கத்தில் நிற்பவரின் காதும் போகும். வேட்டையில் காதுக் காப்பைப் போட நேரம் கிடைக்காத கணங்கள் வரும் என்பதால் இதை நான் பரிந்துரைப்பதில்லை. அனுமதி உள்ள இடங்களில் சப்ரஸர் (சத்தம் அடக்கும் குழாய்) நல்ல வழி: சத்தமும் குறையும், உதையும் குறையும். ஆனால் 300 முதல் 500 கிராம் முழுவதும் குழல் வாயில் போய்த் தொங்கும். அதற்குத் தோதாகக் குழலை 46 முதல் 51 சென்டிமீட்டர் நீளத்துக்குள் வைத்துக்கொண்டால்தான் துப்பாக்கி கையில் அடங்கும்.

இலேசான ரைஃபிளில் உதையோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்து வருகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னே நகரத் தொடங்கிவிடுகிறது. அரை மீட்டர் நீளம் குண்டு ஓடும் நேரத்தில் 3 கிலோ ரைஃபிள் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர் பின்னே வரும்; 4 கிலோ ரைஃபிள் 1.4 மில்லிமீட்டர். சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்த நகர்வு நேர்கோட்டில் இருப்பதில்லை. பின்கட்டை தோளில் பதியும் இடம் குழலின் கோட்டுக்குக் கீழே இருப்பதால் வாய் மேலே எழும்பும். எவ்வளவு எழும்பும் என்பது முன்கட்டையை நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள், எதன்மேல் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கனமான ரைஃபிளை மணல் பையின்மேல் சும்மா வைத்துச் சுட்டாலும் மன்னித்துவிடும். இலேசானது மன்னிக்காது. முன்கட்டையைப் பிடிக்காமல் விட்டால் துள்ளும், குண்டுகள் செங்குத்தாகப் பரவும். கல்லின்மேலோ மரக்கிளையின்மேலோ நேரடியாக வைத்தால் குறி இன்னும் உயரும். அதைப் பையின்மேல் வைத்து, முன்கட்டையை ஒரே அழுத்தத்தில் கையால் பிடித்துக்கொண்டு, காட்டில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்து ஜீரோ செய்யுங்கள், அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்யுங்கள். பலர் இதைத் தெரியாமல் துப்பாக்கியில் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்கோப்பும் அடி வாங்கும். வேகமாகப் பின்னே வரும் ரைஃபிளில் வளையத் திருகுகள் தளர்ந்தால் ஸ்கோப் முன்னே நழுவும். ஒவ்வொரு சூட்டுக்கும் குறி கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பூட்டியதும் வளையத்தை ஒட்டி ஸ்கோப்பில் மெல்லிய பென்சில் கோடு போட்டுவிட்டால் நழுவலை அன்றே கண்டுபிடிக்கலாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது அந்த இடைவெளி சுருங்கும், புருவம் கிழியும்.

சரி, குழல். எடையில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது, தவறான சிக்கனமும் அங்கேதான் நடக்கிறது. குழலின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது. 7.62 மில்லிமீட்டர் துளை உள்ள குழலின் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டரிலிருந்து 20 ஆனால் எடை 1.7 மடங்காகும், விறைப்பு 2.5 மடங்காகும். கனமான குழலை விரும்புகிறவர்களின் வாதம் இதுதான், சரியான வாதம். ஆனால் வேட்டைக்காரருக்குத் தேவை குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு. கூடிப்போனால் அடுத்த இரண்டு. வாயில் 14, 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழல்கூட, நன்றாகச் செய்யப்பட்டிருந்தால், அந்த முதல் மூன்றையும் ஒரே இடத்தில் போடும். நான்காவது ஐந்தாவதுக்கு மேல் சூடு ஏறி, உள்ளே இருக்கும் இறுக்கங்கள் இளகி, குறி மெல்ல நகரத் தொடங்கும். எனவே மெல்லிய குழலை ஐந்தைந்தாகச் சுட்டு மதிப்பிடாதீர்கள். ஒன்றோ இரண்டோ சுட்டு, கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, பிறகு அடுத்ததைச் சுடுங்கள். வெவ்வேறு நாட்களில் போட்ட முதல் குண்டுகள் ஒரே தாளில் எங்கே விழுந்திருக்கின்றன என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

குழலை வெட்டி எடை குறைப்பது பலர் நினைப்பதைவிடக் குறைவான பலன் தரும். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாய்ப்பகுதியில் ஓர் அங்குலத்தின் எடை 31 கிராம்தான். இரண்டு அங்குலம் வெட்டினால் 60 கிராம். அதற்கு .308-இல் விநாடிக்கு 12 முதல் 16 மீட்டர் வேகம் போகும், சத்தமும் கூடும். புதரில் நுழைய வசதி வேண்டும் என்றோ சப்ரஸருக்காகவோ வெட்டுங்கள், எடைக்காக வேண்டாம். குழலின் வெளிப்பக்கம் பள்ளம் வெட்டுவதும் மெல்லிய குழலில் கண்ணுக்கு அழகுதான், தராசில் பெரிதாகத் தெரியாது. கார்பன் சுற்றிய குழல் அதே பருமனுள்ள எஃகுக் குழலைவிட இலேசானது, ஆனால் மெல்லிய எஃகுக் குழலைவிட இலேசாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எடை குறைக்க முதலில் போக வேண்டிய இடம் ஸ்கோப். 700 கிராம் ஸ்கோப்பை 350 கிராம் ஸ்கோப்பாக மாற்றினால் துப்பாக்கியின் உச்சியில் இருந்த சுமை போகிறது, பக்கவாட்டில் சாயும் குணமும் குறைகிறது. அடுத்தது பின்கட்டை. மரக்கட்டை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல கண்ணாடியிழைக் கட்டையோ கார்பன் கட்டையோ அதில் 300 முதல் 500 கிராம் வரை மிச்சப்படுத்தும், மழையில் ஊதவும் செய்யாது. மலிவான பிளாஸ்டிக் கட்டை பெரும்பாலும் மரத்தைவிடப் பெரிதாக இலேசாக இருப்பதில்லை. முன்பகுதி வளைந்து குழலைத் தொடவும் செய்யும். மூன்றாவது, உலோகப் பாகங்கள்: போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உருளை), மேகசின் (தோட்டா வைக்கும் பெட்டி), விசைக் காப்பு (ட்ரிகரைச் சுற்றிய வளையம்) முதலியவை. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-க்கு 1952-இல் ஃபெதர்வெயிட் வடிவம் செய்தபோது 22 அங்குல மெல்லிய குழலோடு விசைக் காப்பையும் மேகசினின் அடித்தட்டையும் அலுமினியத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பாதையில்தான் இன்றைய இலேசான ரைஃபிள்கள் வந்திருக்கின்றன. அமெரிக்கத் தயாரிப்பாளர் கிம்பரின் மிக இலேசான மாதிரி ஸ்கோப் இல்லாமல் 2.2 கிலோதான்.

எவ்வளவு குறைந்தது என்பதைவிட எங்கே குறைந்தது என்பதைக் கவனியுங்கள். கட்டையை மட்டும் இலேசாக்கினால் வாய் கனத்து முன்னே தொங்கும். நின்று சுடும்போது கொஞ்சம் நல்லதுதான், ஆனால் தோளுக்குத் தூக்குவது மந்தமாகும். குழலை மட்டும் மெல்லியதாக்கினால் வாய் காற்றில் ஆடும். முன்கட்டைத் திருகுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளுக்கு நடுவே சமநிலைப் புள்ளி விழுந்தால் நல்லது. ஒரு விரலின்மேல் துப்பாக்கியை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு ரைஃபிள் ஒரே எடை, ஒரே சமநிலைப் புள்ளி என்றாலும் எடை நடுவில் குவிந்தது சுறுசுறுப்பாகத் திரும்பும். இரு முனைகளிலும் பரவியது மெதுவாக ஆடும், மெதுவாக நிற்கும். ஓடும் காட்டுப்பன்றிக்கு முன்னது ஏற்றது. நின்றுகொண்டு தூரத்தில் சுடுவதற்குப் பின்னது.

பலர் கணக்கில் எடுக்காத ஒன்று ட்ரிகர். ரைஃபிள் இரண்டரைக் கிலோவாக இருந்து, ட்ரிகரை இழுக்கவும் இரண்டரைக் கிலோ விசை வேண்டும் என்றால், துப்பாக்கியின் மொத்த எடைக்குச் சமமான விசையை ஒற்றை விரல் போடுகிறது. குறி நகராமல் எப்படி இருக்கும்? இலேசான ரைஃபிளில் ட்ரிகர் 1.1 முதல் 1.4 கிலோ விசைக்குள் இழுபடாமல் சட்டென்று விடுபட வேண்டும். குளிரிலும் கையுறையோடும் சுடுகிறவர்கள் அதற்கும் கீழே போக வேண்டாம். சரிசெய்த பிறகு, தோட்டா இல்லாத துப்பாக்கியில் போல்ட்டை வேகமாக மூடியும், கட்டையைக் கையால் தட்டியும், சுடும் ஊசி தானாக விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் துப்பாக்கித் தச்சரிடம் கொடுங்கள்.

மேல்வரம்பு சுமக்கும் விதத்தில் இருக்கிறது. பரண்மேல் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு 4.5 கிலோ ஒரு பொருட்டே இல்லை. தாங்கி வைத்துச் சுடுவதால் கனம் நன்மைதான். காட்டில் மெல்ல நடந்து, துப்பாக்கியைக் கையிலேயே ஏந்திப் போகிறவருக்கு 3.8 கிலோவுக்கு மேல் போனால் இரண்டாம் மணி நேரத்தில் கை தாழும். தாழ்ந்த கை விலங்கு எழும்பும் கணத்தில் தாமதிக்கும். வாரில் தோளில் தொங்கவிட்டு ஏறுபவருக்கு அதே எடை ஒரு பக்கத் தோளில் இறங்கும். முதுகுப் பையில் கட்டினால் இன்னும் சுலபம், ஆனால் எடுக்க நேரமாகும். கையில் ஏந்தும் அரைக் கிலோ, பையில் இருக்கும் அரைக் கிலோவைவிட எத்தனையோ மடங்கு கனக்கும். மலையில் 2.9 முதல் 3.3 கிலோ என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே போனால், ஏறி மூச்சு வாங்கும்போது இதயத் துடிப்பே குறுக்குக் கம்பியை ஆட்டிவிடும். 1980-களில் எல்லா வேலைக்கும் ஒரே ரைஃபிள் என்ற எண்ணத்தில் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த ஸ்கவுட் ரைஃபிள் விதியில், குறிபார்க்கும் கருவியும் வாரும் சேர்த்து, தோட்டா இல்லாமல், 3 கிலோ இலக்கு, 3.5 கிலோ உச்சம். நடந்து வேட்டையாடும் ஒருவருக்கு .308-இல் இன்றும் அதைவிட நல்ல வரம்பை நான் பார்த்ததில்லை.

ஆபத்தான பெரிய விலங்குகளுக்குக் கதை வேறு. .375 ஹெச் அண்ட் ஹெச் ரைஃபிள் 4 கிலோவுக்குக் கீழே இருந்தால் இரண்டாவது குண்டு தாமதமாகும். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் ரைஃபிள்கள் 5 கிலோவை ஒட்டி இருப்பதற்கும் காரணம் 500 கிரெய்ன் குண்டின் உதைதான். அங்கே எடையைக் குறைப்பது உயிரோடு விளையாடுவது.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று குழலின் தோட்டா அறையையும் மேகசினையும் இருமுறை பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பாதுகாப்பான சுவரில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். வேட்டையில் எந்த எடையோடு இருக்குமோ அந்த எடையில், மருந்தில்லாத டம்மி தோட்டாவோடு, நின்றபடி புள்ளியைப் பிடித்து ட்ரிகரை இழுங்கள். பிறகு மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு உடனே அதையே செய்யுங்கள். அடுத்து 200 கிராம் ஈயத் துண்டை முன்கட்டையின் கீழே டேப்பால் ஒட்டி மறுபடி. பிறகு அதைப் பின்கட்டைக்கு மாற்றி மறுபடி. மூச்சு வாங்கும்போது எந்த அமைப்பில் புள்ளி அதிகம் நிற்கிறது என்பதைக் குறித்துவையுங்கள். கடையில் நின்று தூக்கிப் பார்க்கும்போது இலேசான துப்பாக்கி எப்போதும் ஆளை மயக்கும். மூச்சு வாங்கும்போது அந்த மயக்கம் நிற்காது.

உதையைச் சோதிக்க மேசையில் உட்கார்ந்து சுட வேண்டாம். அந்த நிலையில் உடல் பின்னே அசைய இடமில்லாததால் உதை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நின்றோ தரையில் உட்கார்ந்தோ, காதுக் காப்போடு சுடுங்கள். நண்பர் ஒருவரை மேகசினில் நிஜத் தோட்டாவும் டம்மியும் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும் முறை குழல் வாய் கீழே குத்தினால் உடல் உதைக்குப் பயப்படுகிறது என்று பொருள். அப்போது முதலில் பின்கட்டையின் நீளத்தையும் ரப்பர் பட்டையையும் சரிபாருங்கள். கட்டை நீளமாக இருந்தால் அது தோளின் ஓரத்தில் பதிந்து இரட்டிப்பாக வலிக்கும். அதற்குப் பிறகும் வாய் குத்தினால் கொஞ்சம் இலேசான குண்டுள்ள தோட்டாவைப் போட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போது குத்தல் நின்றால் துப்பாக்கியின் எடை சரிதான். நிற்காவிட்டால் பின்கட்டைத் துளையில் 200 கிராம் ஈயம் சேர்த்து, சமநிலைப் புள்ளியை மறுபடி பார்த்து, குளிர்ந்த குழலில் முதலிலிருந்து ஜீரோ செய்யுங்கள்.